எரியாமல் போன ஒரு சீட்டு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் கிரிசூலா அவர்களே, கப்பல் பட்டறைகளில் கை காய்த்துப்போன பெரியோர்களே, அணைந்த அடுப்பின் முன்னே பிள்ளைகளை அணைத்துக் காத்த இந்தப் பெராமாத் துறைமுகத் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நெருக்கடி வந்தால் 'ஐரோப்பா வேண்டாம்' என்னும் கட்சிகளுக்கு வாக்கு பெருகும் என்றார் எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர். உண்மை. வயிறு காய்ந்தால் வாக்கு மாறும். ஆனால் அந்த வாக்கு வெறியில் மட்டுமா பிறக்கிறது? நம் கப்பல் பட்டறை வெல்டர் ஸ்ட்ராட்டோஸ் வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

யூரோ வந்த அன்று ஐரோப்பாவின் நட்சத்திரக் கொடியை மாடியில் பறக்கவிட்டவன் அவன். பிறகு பட்டறை மூடியது. கட்டணம் கட்டாததால் மின்சாரம் போனது. மகள் ஃபோத்தினி ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் பெட்டி கட்டினாள்.

ஜனவரித் தேர்தல் வந்தது. நம் கிரேக்க நாட்டு வழக்கம் தெரிந்ததுதான்: கட்சிக்கொன்றாக ஒரு கட்டு வாக்குச்சீட்டு தருவார்கள், திரைக்குப் பின்னால் ஒன்றை உறையிலிட்டு மிச்சத்தைத் தொட்டியில் எறிவோம். ஸ்ட்ராட்டோஸ் எறியவில்லை. அடுப்புப் பற்றவைக்க ஆகுமென்று கோட்டுப் பையில் திணித்து வந்தான். யாரங்கே சிரிப்பது? நாற்காலிக் காலை எரித்தவர்தானே ஐயா நீங்களும்!

குளிர்காய நானும் போயிருந்தேன். அவன் மனைவி அர்கிரோ ஒவ்வொன்றாக அடுப்பிலிட, ஃபோத்தினி கட்சிப் பெயரைப் படித்துக் கேலி செய்தாள். ஆண்ட கட்சி எரிந்தது. ஆளத் துடித்த கட்சி எரிந்தது. கட்டு தீர்ந்தபோது அவள் சிரிப்பும் தீர்ந்தது. ஐரோப்பாவை விட்டு வெளியேறுவோம், எல்லையை மூடுவோம் என்று முழங்கும் கட்சியின் சீட்டு மட்டும் அதில் இல்லை.

"அப்பா, அவங்களுக்கா போட்டீங்க?"

"ஆமா."

"அவங்க வந்தா நான் போற கதவையே சாத்திருவாங்களேப்பா."

அவன் நெருப்பைப் பார்த்தபடி சொன்னான்: "அதுக்குத்தாம்மா போட்டேன்."

அர்கிரோ திட்டுவாள் என்றிருந்தேன். "முன்னாடியே சொல்லியிருந்தா நானும் அதையே போட்டிருப்பேன்" என்றாள்.

பெருமக்களே! அந்தக் கட்சி நஞ்சு. அயலானைக் கண்டால் கல்லெடுக்கும் கூட்டம். நஞ்சென்று அறிந்தேதான் அவன் தொட்டான். வேலை கேட்டோம், இல்லை என்றார்கள். கடன் கட்ட அவகாசம் கேட்டோம், இல்லை என்றார்கள். பெற்ற பிள்ளையையாவது விட்டுவையுங்கள் என்று யாரிடம் கேட்பது? எந்தக் கட்சியிடம் கேட்பது?

அந்தக் கட்சி வெல்லவில்லை, கதவு மூடவில்லை. ஃபோத்தினி போய்விட்டாள். எங்கோ யாருடைய தகப்பனுக்கோ சூப் ஊட்டுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வாக்கு. மேடைக்கு மேடை அந்தக் கட்சியைத் திட்டுகிறோமே, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேறொரு வழியை ஸ்ட்ராட்டோஸுக்கு நாம் காட்டினோமா? காட்டாவிட்டால் அவன் மறுபடியும் அதையேதான் போடுவான். இந்தத் தடவை அர்கிரோவும் போடுவாள்.

குளிரில் நின்று கேட்ட உங்களுக்கு என் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.