அமரி வருவாளா, மாட்டாளா

— செவ்வாய்க்கிழமை காலைல நம்ம டீமுக்கு வர்றேன்னு சொன்னா. சாயங்காலம் யோசிக்கணும்னா. புதன்கிழமை போனே எடுக்கல. இன்னைக்கு அவ ஏஜென்ட் கூப்பிட்டு, எங்களுக்கே ஒண்ணும் புரியல மார்வாங்கிறாரு. ஏம்மா நடீன், காலேஜ்ல ரெண்டு வருஷம் அவகூட ஒரே ரூம்ல இருந்தவ நீ. நீயாவது சொல்லு. இந்த அமரி லாஃப்டனுக்கு என்னதான் வேணும்?

— இதைக் கேக்கத்தான் இந்தப் பனியில என்னை ஆபீசுக்கு வரச் சொன்னீங்களா?

— இதுக்கும்தான். முதல்ல உக்காரு. முட்டி எப்படி இருக்கு?

— படி ஏறுனா முனகுது, இறங்குனா கத்துது. இதுக்கும்தான்னா, வேற எதுக்கு?

— அதை அப்புறம் பேசுவோம். ஏம்மா, நான் இருபத்தாறு வருஷமா கூடைப்பந்து டீம் நடத்துறேன். பழைய டீம்ல ஒப்பந்தம் முடிஞ்சு வெளிய வர்ற பெரிய ஆட்டக்காரி மூணுல ஒண்ணைத்தான் தேடுவா. பணம், கோப்பை, வெயில். வெயில் நம்ம பஃபலோ ஊர்ல கிடையாது, விடு. கோப்பை அவகிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கு. பணம், லீக் எவ்வளவு தரலாம்னு சொல்லுதோ அவ்வளவையும் தர்றேன்னேன். காகிதத்தைத் திருப்பிக்கூடப் பாக்கல. மேஜை மேல அவ காபிக்கு அடியில வச்சுக்கிட்டா.

— அவ அப்படித்தான்.

— எப்படித்தான்? அதைத்தானே கேக்குறேன். புது பயிற்சிக் கூடத்தைச் சுத்திக் காட்டினேன், கொட்டாவி விட்டா. ஏரியைப் பாத்த மாதிரி ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். திரையை விலக்கினா கனடா தெரியுது. அவ ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு, இங்கேருந்து எல்ம்வுட் தெரு எவ்வளவு தூரம்னு கேக்குறா. நல்ல காபி கேக்குறா போலன்னு அந்தத் தெருவுல இருக்கிற கடை பேரெல்லாம் ஒப்பிச்சேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு, நடந்து போனா எவ்வளவு நேரம் ஆகும்ங்கிறா. எல்ம்வுட்ல அப்படி என்னதான் இருக்கு?

— நான் இருக்கேன்.

— நீ இருக்கிறது தெரியும்மா. நான் கேக்குறது அவ எதுக்கு...

— மார்வா. நான் இருக்கேன். அதுக்குத்தான் வர்றா.

— புரியல.

— சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. என்னை வச்சு நீங்க அவகிட்ட பேரம் பேசிடுவீங்கன்னு பயம். இப்ப ஏஜென்டே குழம்பிப் போயிட்டார்ங்கிறீங்க. இதுக்கு மேல மறைச்சு என்ன ஆகப்போகுது.

— இரு, இரு. அவ லீக்லயே முதல் ஆட்டக்காரி. தப்பா நினைக்காத, உனக்கு முப்பத்து நாலு வயசு. போன வருஷம் பாதி ஆட்டம் பெஞ்சுல உக்காந்து, ஆடுறவங்களை உற்சாகப்படுத்தத் துண்டு ஆட்டிக்கிட்டு இருந்த. உன்கூட ஆடுறதுக்காகவா வர்றா?

— ஆடுறதுக்குன்னு யார் சொன்னா? அக்டோபர்ல அவ அம்மா போய்ட்டாங்க, தெரியுமில்ல?

— பூ அனுப்பினேனே.

— எல்லாரும்தான் பூ அனுப்பினாங்க. அவ வீட்டுல வைக்க இடமில்லாம குளியல் தொட்டியில போட்டு வச்சிருந்தா. பன்னெண்டு வருஷம் அம்மாவும் பொண்ணும் ஒரே வீடு. அவங்க போனப்புறம், ஆட்டம் முடிஞ்சா அவ வீட்டுக்குள்ள போறதில்ல. காரை வாசல்ல நிறுத்திட்டு உள்ளேயே ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. எனக்கு அது தற்செயலாத்தான் தெரிஞ்சது. ஒரு நாள் போன்ல பேசிக்கிட்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியைத் தட்டி, ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டாரு. அன்னைக்கே டிக்கெட் போட்டு இங்க வரவழைச்சேன். மூணு வாரம் என் வீட்டு மாடி ரூம்ல இருந்தா. முதல் வாரம் முழுக்கத் தூங்குனா.

— மூணு வாரம் இந்த ஊர்ல இருந்தாளா? ஒரு பத்திரிகைக்காரனுக்கும் தெரியலையே.

— தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு என் வீட்டு வாசல்ல பனி தள்ளினா. தெருவுல போறவங்க கூலிக்கு ஆள் வச்சிருக்கேன்னு நினைச்சுட்டாங்க.

— சரிம்மா. இது எனக்குப் புரியுது. கொஞ்சம் புரியுது. அப்புறம் ஏன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பின்வாங்குனா?

— யாரோ அவகிட்ட, பஃபலோ உனக்கு இடம் பண்றதுக்குப் பழைய ஆட்களை வெளிய அனுப்பப் போகுதுன்னு சொல்லியிருக்காங்க. பயந்துட்டா. ராத்திரி எனக்குப் போன் பண்ணி, நீ அங்கதானே இருப்ப, உண்மையைச் சொல்லுன்னா.

— நீ என்ன சொன்ன?

— சிரிச்சேன். நான் எங்க போகப்போறேன்? பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். வேற டீம் கூப்பிட்டப்போ நான் போகல, அது உங்களுக்கே தெரியும். கிறிஸ்துமஸ் விருந்துல நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னீங்களோ, அதை அப்படியே அவகிட்டச் சொன்னேன். நடீனோட கடைசி ஆட்டம் இந்த ஊர்லதான், நான் இருக்கிற வரைக்கும். மார்வா அளந்து பேசுறவங்க, சொன்னா சொன்னதுதான்னு சொன்னேன்.

— அப்படியா சொன்ன.

— புதன்கிழமை போன் எடுக்காதது வேற ஒண்ணுமில்ல. அம்மா வீட்டைக் காலி பண்ணிக்கிட்டிருந்தா. நேத்து என்கிட்ட, மனசு தேறிடுச்சுன்னா. அதான் சொல்றேன், நீங்க இன்னும் பணத்தை ஏத்த வேணாம், ஏரியும் காட்ட வேணாம். சும்மா இருங்க, வந்துடுவா. என்ன, ஏன் எழுந்துட்டீங்க?

— ஒண்ணுமில்ல.

— முகமெல்லாம் வெளுத்துப் போச்சே. தண்ணி குடிக்கிறீங்களா?

— நடீன், உன்னை இன்னைக்கு வரச் சொன்னது வேற ஒரு விஷயத்துக்கு. அதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத்தான் அவளைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தேன்.

— ஆரம்பிங்க.

— அவளுக்கு முழுச் சம்பளம் கொடுக்கணும்னா, லீக் டீமுக்குப் போட்டிருக்கிற சம்பள வரம்புக்குள்ள இடம் வேணும். யாராவது ஒருத்தர் போகாம இடம் கிடைக்காது. மூணு நாளா கணக்கைப் புரட்டிப் புரட்டிப் பாத்தேன். சின்னப் பொண்ணுங்களை அனுப்பினா எதிர்காலம் போச்சு. கடைசில...

— கடைசில?

— பன்னெண்டு மணிக்கு உன்னை டென்வர் டீமுக்கு மாத்திக் கொடுத்துட்டேன்.

— பன்னெண்டு மணிக்கா? எந்தப் பன்னெண்டு?

— இன்னைக்கு. ஒரு மணி நேரம் முன்னாடி.

— இருங்க. அவளைக் கொண்டு வர்றதுக்காக என்னை அனுப்பிட்டீங்களா?

— எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீ முன்னாடி சொல்லியிருந்தா...

— கிறிஸ்துமஸ் விருந்துல சொன்னது?

— அன்னைக்கு மனசாரத்தான் சொன்னேன்.

— திருப்பி வாங்குங்க.

— லீக் ஆபீஸ் பதிவு பண்ணிருச்சு. டென்வர்காரங்க சம்மதிச்சாதான் உண்டு. அவங்க ஏன் சம்மதிக்கணும், நமக்கு அமரி கிடைக்கக்கூடாதுன்னுதானே பாப்பாங்க. உன் போன் அடிக்குது.

— தெரியுது. அவதான்.

— நடீன், காலைப் பிடிக்கிறேன்னு வச்சுக்கோ. அவகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லாத. ரெண்டு நாள் கொடு. நான் டென்வருக்கு நேர்ல போறேன், கெஞ்சுறேன், அடுத்த வருஷம் வர்ற புது ஆட்டக்காரிகளைக்கூடக் கொடுக்கிறேன்.

— நான் பொய் சொல்ல மாட்டேன், மார்வா. ஏற்கெனவே உங்களுக்காக ஒண்ணு சொல்லியிருக்கேன், எனக்கே தெரியாம.

— பொய் வேணாம். சும்மா இரு, அது போதும்.

— நகருங்க. அவ காத்துக்கிட்டிருக்கா. ஹலோ. அமரி, கேளு, உன்கிட்ட ஒரு விஷயம்... இல்ல, நீ முதல்ல சொல்லு... எங்கேருந்து பேசுற?... மெதுவாடி, ஒண்ணும் விளங்கல... எப்போ?... மூணு வருஷத்துக்குமா?

— என்னங்கிறா? நடீன், சொல்லு. என்னங்கிறா?

— பத்து நிமிஷம் முன்னாடி மூணு வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு உங்க வக்கீலுக்கு அனுப்பிட்டாளாம். அவ இப்ப என் வீட்டு வாசல்ல பெட்டியோட நிக்கிறா. சாவி எங்க வச்சிருக்கேன்னு கேக்குறா.