மிர்ரர் போட வேண்டாம்

— ஏட்டி பாரதி, அந்தப் பிரிண்ட் கடைக்காரன்கிட்ட என்னன்னு சொன்னே?

— நீ சொன்னதத்தாண்ணே சொன்னேன். பளபளப்புத் தாள், கருப்பு நல்லா அழுத்தமா, மிர்ரர் போட வேண்டாம்.

— அப்புறம் எப்படிட்டி இந்தச் சர்க்யூட் போர்டுல வச்ச மூணாவது சிப்பும் புகைஞ்சு போச்சு? இந்தச் சவத்தப் பாரு. ஒண்ணாங் கால் நிக்க வேண்டிய இடத்துல எட்டாங் கால் நிக்கு!

— எனக்கென்ன தெரியும்?

— தாள செம்புத் தகட்டு மேல கவுத்து வச்சு அயர்ன் பாக்ஸால தேய்க்கோம்லா, அப்பவே படம் தானாத் திரும்பிரும். கடைக்காரன் முன்னாடியே மிர்ரர் போட்டுத் திருப்பிட்டா எல்லாக் காலும் எடம் மாறிப் போகும். இது அந்தக் கடைக்காரப் பாஷா மண்டையில ஏறாதா?

— நீயே போய்ச் சொல்லியிருக்கலாம்ல.

— நான் ஆபீஸ் விட்டு வாரதுக்குள்ள கடைய மூடிருதான். ஞாயித்துக்கெழம பூராவும் பாத்ரூம்ல குத்த வச்சு, செம்பக் கரைக்க அந்த ஆசிட் தண்ணிய ஆட்டி ஆட்டி, கையெல்லாம் மஞ்சளாப் போச்சு!

— டைல்ஸும்தான் மஞ்சளாயிருச்சு. தேய்ச்சுக் கழுவுறது யாரு? என் அயர்ன் பாக்ஸ் பூரா கருப்பு. வெள்ளச் சுடிதார் ஒண்ணு நாசம். ஒரு வார்த்த கேட்டேனா?

— வீட்டுக்குத்தான பண்ணுதேன்? வாசக் கதவுக்கு அலாரம். திருடன் தொறந்தா என் போனுக்கு மெசேஜ் வரும்.

— திருடன் பேரு பாரதியா?

— என்னது?

— "பாரதி வெளிய போயிட்டா." அதான மெசேஜ்? நீ பிரிண்டுக்குக் குடுத்த பென் டிரைவ்லயே எழுதிக் கெடக்கு. நானே தூக்கிட்டுப் போய்ப் பிரிண்ட் எடுக்கணும், என் அயர்ன் பாக்ஸ்லயே தேய்க்கணும், அது என்னையே வேவு பாக்கணும். வெக்கமா இல்லண்ணே உனக்கு?

— எனக்கென்னத்துக்கு வெக்கம்? தையல் கிளாஸுக்குப் போறேன்னு தெனமும் கெளம்புதியே, அந்த டீச்சரம்மாவ பாண்டி பஜார்ல பாத்தேன். "அவ பொங்கலோட நின்னுட்டாளே"ங்காங்க. நடுரோட்டுல முழிச்சுக்கிட்டு நின்னேன்!

— நேரா என்கிட்ட கேக்க வேண்டியதுதான?

— கேட்டா உண்மையச் சொல்லிருவியோ?

— போன வருஷம் உண்மையச் சொல்லித்தான கேட்டேன், வேலைக்குப் போறேன்னு. "தங்கச்சி சம்பாத்தியத்துல தின்னுதான்னு நாலு பேரு சிரிக்கணுமா"ன்னு தட்டத் தூக்கி எறிஞ்ச. அதுக்கப்புறம் உன்கிட்ட என்னத்தச் சொல்றது?

— பேச்ச மாத்தாத. யாருட்டி அவன்?

— எவனும் இல்ல. உனக்கு வேற எதுவுமே தோணாதா? அசிங்கமா இருக்கு.

— அப்ப சாயங்காலம் எங்க போறே?

— சொல்ல மாட்டேன், போ.

— சொல்லாத. அடுத்த போர்டு சொல்லும். நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிட்டுச் சீக்கிரமே கெளம்புதேன். சாயங்காலம் நேரா கடைக்குப் போறேன், அந்தப் பாஷா சட்டையப் பிடிச்சு ரெண்டு போடுதேன், பக்கத்துலயே நின்னு பிரிண்ட வாங்கிட்டு வாரேன்.

— அண்ணே, அவர் மேல கைய வச்ச, நல்லாருக்காது சொல்லிட்டேன்.

— அவனச் சொன்னா ஒனக்கு ஏன்ட்டி பொத்துக்கிட்டு வருது? என் போர்டு வேல செய்யாத மாதிரி திருப்பிப் போட்டுக் குடுத்தது அவன்தான?

— சாயங்காலமானா பாஷா பாய் கடையிலயே இருக்க மாட்டார்ணே. அந்த மெஷின்ல சம்பளத்துக்கு உக்காந்து, உன் படத்த மூணு தடவையும் திருப்பிப் போட்டது நான்தான்.