மொட்டைக்கு நன்றி

ஜெமி: ...ஆனா ஒண்ணு சொல்லுகேன் அக்கா, காத்து நேரா மூளையில அடிக்கி. இத்தனை வருசமா இந்தச் சொகத்தை முடி மறைச்சு வச்சிருந்திருக்கு. ரொம்ப நன்றி, கேட்டியா.

செசிலி: வாயை மூடிட்டு இரிலே. தலையை ஜன்னலுக்கு உள்ள வை. காஞ்ச சந்தனம் பூரா பின்சீட்டுக்காரர் மேல பறக்குது.

ஜெமி: உவரி அந்தோணியார் கோயில் சந்தனம்லா. மொட்டை போடாமலே அவருக்கும் ஒரு பங்கு கிட்டட்டும்.

செசிலி: தொப்பி வாங்கித் தந்தேனே, எங்க?

ஜெமி: பையில கெடக்கு. அதைப் போட்டா தடுப்பூசிக்குத் தூக்கிட்டுப் போற பிள்ளை மாதிரி இருக்கு.

செசிலி: போடாட்டா எப்படி இருக்குன்னு சொல்லட்டா?

ஜெமி: வேண்டாம்.

செசிலி: தோலு சீவுன நுங்கு.

ஜெமி: வேண்டாம்னு சொன்னேன்.

செசிலி: உனக்கு என்னலே ஆச்சு? அம்மை எண்ணெய் தேய்க்க வந்தாலே முடி கலைஞ்சிரும்னு ஓடுனவன் நீ. நேத்து நான், நீ கப்பல்ல இருந்து பத்திரமா வந்தா உனக்கு மொட்டை போடுகேன்னு அந்தோணியாருக்கு நேர்ந்திருந்தேன் மக்கான்னு சொல்லி வாயை மூடல... அதுக்குள்ள பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்ட.

ஜெமி: பக்தி.

செசிலி: பிரசங்கம் தொடங்குனா சாயா குடிக்கப் போறவனுக்கு பக்தி.

ஜெமி: குடிச்சுட்டு திரும்பி வருவேன்லா. அதுதான் பக்தி... ஆனா அந்த மொட்டையடிக்க அண்ணனை நீ வெரட்டுனதுதான் எனக்குப் பாவமா இருந்துச்சு. தலை முடிஞ்சதும், மீசை, நெஞ்சு எல்லாம் சேத்து எடுத்து விடட்டா தம்பின்னு மரியாதையாத்தான் கேட்டாரு. நீ மீன்கூடையில பூனையைக் கண்ட மாதிரி பாஞ்ச. கத்தியைப் பிடிச்ச கையையே பிடிச்சுட்ட.

செசிலி: நான் நேர்ந்தது தலையை. நேர்ந்ததுக்கு மேல குடுத்துப் பழக்கினா அவரு அடுத்த தடவையும் எதிர்பாப்பாரு.

ஜெமி: அந்த அண்ணனா?

செசிலி: அந்தோணியாரு.

ஜெமி: அது நியாயம்.

செசிலி: இனி ரெஜிஷா என்ன சொல்லப் போறாளோ. உனக்க முடியைப் பாத்துத்தான் கல்யாணத்துக்குத் தலையாட்டுனா.

ஜெமி: அவளுக்க அப்பா கப்பல்காரன்னு சொன்னதுக்குத் தலையாட்டுனாரு. முடியாவது திரும்ப மொளைக்கும்...

செசிலி: மொளைக்கும்... பொறவு?

ஜெமி: ஒண்ணுமில்ல. ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளு.

செசிலி: அடுத்த வாரம் சென்னையில டாக்டர் செக்கப்பு இருக்கே. மொட்டையோட போனா ஏதாவது கேப்பாவளா?

ஜெமி: சுத்துலாக் கப்பல்காரனுக்கு ரெண்டு காரியம் தெரிஞ்சா போதும். இவனுக்குத் தட்டு தூக்கத் தெம்பு இருக்கா. இவன் போதை மருந்து தின்னானா.

செசிலி: அதைப் போற முன்னாலதானே பாப்பாவ?

ஜெமி: உள்ள போனப்பொறவும் பாப்பாவ. திடீர்னு ஒரு நாள் பேரு வாசிப்பாவ, கல்யாண வீட்டுல பந்திக்குக் கூப்பிட மாதிரி. போனா கையில ஒரு டம்ளரு. நர்ஸ் அம்மா கதவைத் தொறந்து போட்டுட்டுக் காவல் நிப்பா. பைப்பைத் தொறந்து விட்டா கொஞ்சம் வசதியா இருக்கும், அதையும் பூட்டிருவா. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க, ஆச்சான்னு இங்கிலீஷ்ல கேப்பா. நமக்குத் தமிழ்ல கேட்டாலே வராது.

செசிலி: சீ, நாறப்பயலே. மெதுவாச் சொல்லு. பஸ்ல பொம்பளைய இருக்காவ.

ஜெமி: அதுக்கும் மேல நாய். ஒரு துறைமுகத்துல போலீசு நாயைக் கூட்டிட்டு ஏறுனாவ. வேலைக்காரனுக்க ரூமு ஒவ்வொண்ணா மோந்து வந்த நாய் எங்க ரூமுக்குள்ள எனக்கப் பெட்டி முன்னால சம்மணம் போட்ட மாதிரி உக்காந்துட்டு. நாய் உக்காந்தா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம். தொறடான்னு சொன்னாரு ஆபீசரு. தொறந்தேன். நீ குடுத்து விட்ட நெத்திலிக் கருவாடு.

செசிலி: அது நல்ல கருவாடாச்சே.

ஜெமி: அது அவருக்குத் தெரியலியே. மேல அம்மைக்கப் பழைய சீலை, அதுக்குள்ள பேப்பரு, அதுக்குள்ள பிளாஸ்டிக்கு, அதுக்குள்ள பொறவும் பேப்பரு. அவிழ்க்க அவிழ்க்க அவருக்க மூஞ்சி மாறுது. பாதியிலயே கையைக் காட்டி, மூடு மூடுன்னு சொல்லிட்டு வெளிய ஓடிட்டாரு. நாயை இழுத்துட்டுப் போனாவ. அது திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போச்சு. அந்தக் கருவாட்டுக்கும் சேத்து நன்றி அக்கா.

செசிலி: ஜெமி.

ஜெமி: ம்.

செசிலி: கருவாட்டைக் கண்டா நாய் பாயும். உக்காராது.

ஜெமி: போலீசு நாய்லா. பயிற்சி குடுத்தது. மரியாதை தெரியும்.

செசிலி: ம்... செத்துப்போன ரத்தினமும் அந்த ரூமுலதான் கெடந்தானா?

ஜெமி: ஆமா. கீழ்க்கட்டில் அவனுக்கு. மேல நான்.

செசிலி: நீ ஊருக்கு வந்த மறுநாளே ஆப்பிளும் வாங்கிட்டுக் கீரிப்பாறைக்குப் போனியே, அவனுக்க அப்பாவைப் பாக்க. வந்து ஒண்ணும் சொல்லல.

ஜெமி: சொல்ல என்ன இருக்கு? அவரு ரப்பர் வெட்டுகவரு. கத்தி தீட்டிட்டு இருந்தாரு. மாரடைப்புன்னு சொன்னேன். கம்பெனியும் அப்படித்தான் சொல்லியிருக்கு.

செசிலி: மாரடைப்பா?

ஜெமி: நெஞ்சு நின்னது உண்மை. சலவை ரூமுல துண்டு மடிச்சுட்டு இருந்தவன் அப்படியே உக்காந்துட்டான். தூக்கம்னு நெனச்சு நான் எழுப்பவே இல்ல... ஏன் நின்னதுன்னு அவரு கேப்பாருன்னு வழி முழுக்கப் பொய்யெல்லாம் அடுக்கி வச்சுட்டுப் போனேன் அக்கா. அவரு கேக்கல. எனக்க பயலு துண்டு நல்லா மடிப்பானா மக்கான்னு கேட்டாரு. அன்னப்பறவை மாதிரி மடிப்பான், வெள்ளைக்காரனெல்லாம் போட்டோ எடுப்பாவன்னு சொன்னேன். அது பொய் இல்ல.

செசிலி: போதைப்பொடியா?

ஜெமி: யாரு சொன்னா?

செசிலி: யாரும் சொல்லல. கேக்கேன்.

ஜெமி: காலையில எறங்குனா பாதிராத்திரி வரை நிக்கணும். சும்மா நின்னாப் போதாது, சிரிச்சுட்டே நிக்கணும். கால் ஓஞ்சாலும் சிரிப்பு ஓயப்பிடாது. மூக்குல கொஞ்சம் இழுத்தா காலும் சேந்து சிரிக்கும். குடுக்கதுக்குக் கப்பல்லயே ஆள் உண்டு. சில பேரு அதுல விழுந்துருவாவ.

செசிலி: சில பேரு.

ஜெமி: சில பேரு.

செசிலி: அந்தச் சில பேரை டம்ளர் டெஸ்டுல பிடிக்க மாட்டாவளா?

ஜெமி: பொடி ரெண்டு மூணு நாள்ல ஒண்ணுக்குல இருந்து போயிரும். அதுக்குத்தான் இப்ப கம்பெனி புதுசா முடி வெட்டிப் பாக்கான். முடியில தங்குமாம். ஒருக்கப் பிடிச்சான்னா பொறவு எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டான்.

செசிலி: அடுத்த வாரம் உனக்கும் முடிதானா?

ஜெமி: முடிதான்.

செசிலி: மொட்டையா போய் நின்னா?

ஜெமி: தலையில இருந்தாத்தானே அக்கா தலையில வெட்டுவான். எல்லாம் நீ செஞ்ச புண்ணியம். ரொம்ப ரொம்ப...

செசிலி: நன்றி சொல்லாத.

ஜெமி: ஏன்? கப்பல்ல மூஞ்சில துப்புனவனுக்கே நன்றி சொல்லிருக்கேன். சொந்த அக்காவுக்குச் சொல்லப்பிடாதா?

செசிலி: சொல்லாதன்னா சொல்லாத... போன் அடிக்கி பாரு.

ஜெமி: ரெஜிஷா.

செசிலி: எடு.

ஜெமி: பொறவு பேசுகேன். நீ சொல்லு. ஏன் கண்ணு கலங்கியிருக்கு?

செசிலி: காத்துல உனக்கச் சந்தனம் விழுந்துட்டு.

ஜெமி: அக்கா.

செசிலி: ...நீ வந்த வாரம் உனக்க வெள்ளைக் கோட்டு தொவைச்சேன். உள்பக்கத் தையல்ல ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கவரு. ஓரத்துல வெள்ளையா கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. ஹோட்டல் வேலைதானே, ஆப்பசோடான்னு நெனச்சேன்.

ஜெமி: ஆப்பத்துல போட்டியா?

செசிலி: சிரிக்காத. நாக்குல வச்சுப் பாத்தேன். நாக்கு மரத்துப் போச்சு, பல்டாக்டரு ஊசி போட்ட மாதிரி. ஆப்பசோடாவுக்கு நாக்கு மரக்காதுலே... அதுக்கு முந்தின நாளுதான் உனக்கத் தலையணையில மூக்கு ரத்தம் பாத்தேன். சூடுன்னு சொன்ன. நானும் இளநி வெட்டித் தந்தேன்.

ஜெமி: இளநி நல்லாத்தான் இருந்துச்சு.

செசிலி: அன்னைக்குத் தொட்டு உன்னைப் பாத்துட்டுத்தான் இருக்கேன். மொதல்ல கொஞ்ச நாளு சோத்தை ஒதுக்குனதைப் பாத்தேன். நீ கதவைப் பூட்டிட்டுக் கெடந்ததைப் பாத்தேன். பொறவு பைய சோறு தின்ன. சிரிச்ச. நாலு மாசம் ஆச்சு, ஒரு பீடி கூட நீ தொடல. அந்தோணியாருக்கு நான் நன்றி சொன்னது அதுக்குத்தான்.

ஜெமி: பின்ன ஏன் நான் நன்றி சொல்லப்பிடாது?

செசிலி: ஏன்னா நான் அவருக்கு ஒண்ணும் நேரல மக்கா. பொய். அவரு பேரைச் சும்மா இழுத்தேன்.

ஜெமி: பின்ன எதுக்கு மொட்டை?

செசிலி: வடக்குத்தெரு ஷிபு வேற கப்பல்ல சமையக்காரன்லா, அவன்ட்ட கேட்டேன். எனக்கக் கூட்டுக்காரி மவனுக்குன்னு சொல்லிக் கேட்டேன். தலைமுடிக்கு மூணு மாசத்து ஓர்மைதானாம், அதுக்கு முந்தி இழுத்தது அதுல தெரியாதாம். நீ முடியோட போயிருந்தா பாஸாயிருப்ப. சிரிச்சுட்டே திரும்ப அந்தக் கப்பல்ல ஏறியிருப்ப.

ஜெமி: இப்ப?

செசிலி: தலையில இல்லாட்டா நெஞ்சுல எடுப்பாவளாம். கால்ல எடுப்பாவளாம். நெஞ்சு முடிக்கு ஒரு வருசத்து ஓர்மை இருக்குமாம்...

ஜெமி: அதுக்குத்தான் அந்த அண்ணனுக்கக் கையைப் பிடிச்ச.

செசிலி: ஆமா. போவாண்டாம்னு வாயால சொன்னா நீ கேக்க மாட்ட. அப்பா ஏன்னு கேப்பாரு, அவருட்ட நான் என்ன சொல்ல? அவியளே உன்னை வேண்டாம்னு சொல்லட்டும்னு நெனச்சேன். உனக்கப் பொழைப்பைக் கெடுத்துட்டேன்லே. நீ என்னடான்னா பஸ் ஏறுனதுல இருந்து நன்றி நன்றின்னு சொல்லி எனக்க நெஞ்சை அறுக்க... திட்டுகதுன்னா திட்டிரு. இங்க யாரும் நமக்குத் தெரிஞ்சவிய இல்ல.

ஜெமி: அஞ்சுகிராமம் வரப் போவுது. பையை எடு.

செசிலி: ஜெமி.

ஜெமி: ஊருல பிரஷர்னு சொல்லிக்கிடலாம். மெடிக்கல்ல பிரஷர் காட்டிட்டுன்னா எவனும் மேல கேக்க மாட்டான். பாதி ஊருக்கு பிரஷர். ரெஜிஷாட்ட மட்டும் நான் உண்மையைச் சொல்லணும். அவ தலையாட்டுகது அதுக்குப் பொறவு அவ இஷ்டம்.

செசிலி: வேலைக்கு என்னலே செய்வ?

ஜெமி: ஐஸ் பிளான்டுல ஆள் கேக்கான். அதுவும் நின்னுதான் செய்யணும். ஆனா ஐஸ்கட்டியைப் பாத்து யாரும் சிரிக்கச் சொல்ல மாட்டான்.

செசிலி: எனக்க மேல கோவம் இல்லியா?

ஜெமி: நாய் ஏன் உக்காந்துதுன்னு கேட்டியே. கருவாட்டுக்கு அடியில, கடைசிச் சுத்துல பொடி இருந்துச்சு. அவரு இன்னும் ஒரு பேப்பர் பிரிச்சிருந்தா நான் இப்ப ஏதோ ஒரு நாட்டு ஜெயில்ல மொட்டை போட்டிருப்பேன். அன்னைக்கு ராத்திரி நானும் ரத்தினமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். சிரிச்சுட்டு... மீதியை ரெண்டு பேரும் பங்கு வச்சோம். அடுத்த வாரம் அவன் துண்டு மடிச்சுட்டு இருந்தான்.

செசிலி: எனக்க மாதாவே.

ஜெமி: தலைக்கு மூணு மாசம், நெஞ்சுக்கு ஒரு வருசம். இந்தக் கணக்கைக் கம்பெனிக்காரன் எல்லாருக்கும் சொல்லித்தான் அனுப்புனான். நீ ஷிபுட்ட கேக்கதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும் அக்கா.

செசிலி: தெரிஞ்சுமா தலையைக் குடுத்த? ஏம்லே?

ஜெமி: முடி இருந்தா பாஸாவேன். பாஸானா போவேன். அந்தக் கீழ்க்கட்டிலுக்கு மேல படுத்துட்டு எத்தனை நாளைக்கு மூக்கைப் பொத்திட்டு இருப்பேன்? வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. நேத்து நீ நேர்ச்சைன்னு சொன்னப்ப, அந்தோணியாருதான் வழி காட்டுகாருன்னு நெனச்சேன். அந்த அண்ணனுக்கக் கையை நீ பாஞ்சு பிடிச்சப்பத்தான் வழி காட்டுனது யாருன்னு வெளங்கிச்சு.

செசிலி: அப்பவே... உனக்குத் தெரிஞ்சுதா?

ஜெமி: பின்ன எதுக்குன்னு நெனச்ச, உவரியில பஸ் ஏறுனதுல இருந்து நான் நன்றி சொல்லிட்டு வாறது?