தூங்க வைக்கிறதுன்னா

லூபே: வந்த விஷயத்தை அப்பறம் சொல்றேன் மெர்வ். முதல்ல அந்தக் கையைக் காட்டுங்க.

மெர்வ்: கைக்கு என்ன? ரெண்டும் இருக்கு.

லூபே: காட்டுங்கன்னா... ஐயய்ய! என்ன இது? உள்ளங்கை பூராவும் கொப்புளம்! ஒண்ணு உடைஞ்சு வேற இருக்கு.

மெர்வ்: ஒண்ணுமில்ல. நேத்து கொஞ்சம் மண்வெட்டி புடிச்சேன்.

லூபே: அறுபத்தொம்பது வயசுல மண்வெட்டியா?

மெர்வ்: வயசைச் சத்தமா சொல்லாதம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுடப் போகுது.

லூபே: வேலிக்கு அந்தப் பக்கம் என் வீடுதான் இருக்கு. கேட்டா என் கோழிதான் கேக்கணும். உப்புத்தண்ணி வெச்சுக் கழுவினீங்களா?

மெர்வ்: கை பரவாயில்ல. முதுகுதான் குரூக்கா இருக்கு.

லூபே: ஆரம்பிச்சாச்சு. குரூக்னா இங்கிலீஷ்ல திருடன்னு என் பையன் டெவிட்டா சொல்லிக் குடுத்தான். உங்க முதுகு யாரு வீட்டுல போய் திருடிச்சாம்?

மெர்வ்: ஹா... உடம்பு சரியில்லன்னாலும் அதே வார்த்தைதான் இங்க. டோங்காவுலேருந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் இது தெரியலையா உனக்கு?

லூபே: எப்படித் தெரியும்? செக்கச்செவேல்னு இருக்கிற நாய்க்குப் போயி புளூன்னு பேர் வெக்கிற ஊரு இது. நீலம்னா செவப்பு, திருடன்னா முதுகு வலி... மெர்வ், நான் வந்ததே அவனைப் பத்தி...

மெர்வ்: டீ போடட்டுமா?

லூபே: வேணாம்.

மெர்வ்: குரல் கம்மியிருக்கே உனக்கு. தொண்டை கட்டிக்கிச்சா?

லூபே: வேலை செய்யற ஷெட்டுல குளுரு. திராட்சை கெடாம இருக்கணும்னு எங்களை ஐஸ் பெட்டிக்குள்ள நிக்க வெக்கிறாங்க.

மெர்வ்: கண்ணும் வீங்கியிருக்கு.

லூபே: அதுவும் குளுருதான்.

மெர்வ்: தேன் கலந்து சுடுதண்ணி குடி. எலுமிச்சை ரெண்டு சொட்டு...

லூபே: மெர்வ், காலையில எட்டு மணிக்கு உங்க புளூவை என் வேன்ல ஏத்தி விட்டீங்க. காதுல சீழ் வெச்சிருக்கு, முழங்கால் வலியோட என்னால வண்டி ஓட்ட முடியாது, நாய் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாம்மான்னீங்க. இப்ப மணி நாலு. கொப்புளத்தைப் பேசியாச்சு, முதுகைப் பேசியாச்சு, என் தொண்டையைப் பேசியாச்சு. நாய் எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல நீங்க.

மெர்வ்: கேக்கணும்னுதான்... எப்படி இருக்கான்?

லூபே: தூங்கறான்.

மெர்வ்: ...ஓ.

லூபே: அங்கயே வெச்சிக்கிட்டாங்க. காதுக்கு மருந்து போட்டு... நாளைக்கு...

மெர்வ்: அப்படியா சொன்னாங்க?

லூபே: ஆமா... இல்ல.

மெர்வ்: ஆமாவா, இல்லையா?

லூபே: உங்க ஊர்க்காரங்க ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றீங்க. நான் சொன்னா மட்டும் தப்பா?

மெர்வ்: தப்பில்ல. மெதுவா சொல்லு. அவசரம் ஒண்ணுமில்ல.

லூபே: ...அங்க கொட்டகை பக்கத்துல என்ன குழி?

மெர்வ்: எலுமிச்சங்கன்னு வெக்கலாம்னு.

லூபே: இவ்ளோ ஆழமாவா? எலுமிச்சைக்கா, தென்னைக்கா? இது வெட்டப் போயித்தான் கை இப்படி ஆச்சா?

மெர்வ்: வேர் நல்லா எறங்கணும் பாரு.

லூபே: கன்னு எங்க?

மெர்வ்: வரும். சொல்லியிருக்கேன்.

லூபே: என்னமோ போங்க... புளூவோட சோத்துத் தட்டையும் காணோம். படிக்கட்டுக்குக் கீழ தானே கிடக்கும்?

மெர்வ்: கழுவி உள்ள எடுத்து வெச்சிட்டேன்.

லூபே: நீங்களா? நீங்க குடிச்ச டீ கப்பையே நாலு நாளைக்குக் கழுவ மாட்டீங்க, நாய்த் தட்டைக் கழுவினீங்களா?

மெர்வ்: தட்டுன்னதும் ஞாபகம் வருது...

லூபே: வேணாம். அந்தக் கதையை எடுக்காதீங்க.

மெர்வ்: கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆளுக்கு ஒரு தட்டு கொண்டு வாங்கன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. நீ மட்டும்...

லூபே: ஆமா. நான் மட்டும் வெறுந்தட்டு எடுத்துட்டு வந்தேன். ஒண்ணு இல்ல, ஆறு. பாவம், இவங்ககிட்ட தட்டு பத்தல போலன்னு கடையில புதுசா வாங்கி, துடைச்சு, துணியில சுத்தி எடுத்துட்டு வந்தேன். தட்டுன்னா தட்டு நெறைய சமைச்ச பண்டம்னு யாரு கண்டா?

மெர்வ்: கிளப்புல இன்னிக்கும் அதைச் சொல்லித்தான்...

லூபே: அங்க சொன்னதே நீங்கதானே.

மெர்வ்: ...சும்மா தமாஷுக்கு.

லூபே: தமாஷுதான். ஒரு வாரம் ஊரே சிரிச்சுது. ஷெட்டுல என் சூப்பர்வைசர் தினமும் காலையில 'லூபே, தட்டு எடுத்தாச்சா'ன்னு கேப்பான். நானும் கூடவே சிரிச்சேன். ஆனா வீட்டுக்குப் போயி அந்த ஆறு தட்டையும் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். இன்னும் அங்கதான் கிடக்குது.

மெர்வ்: லூபே...

லூபே: இருங்க. இப்ப விட்டா சொல்ல மாட்டேன். அன்னிக்கு முடிவு பண்ணினேன் மெர்வ். இனி யாரு எது சொன்னாலும் புரியலன்னு வாயைத் திறக்கக் கூடாது. சிரிச்சிட்டுத் தலையாட்டிடணும். அப்பறமா வீட்டுல டெவிட்டாகிட்ட கேட்டுக்கலாம். நாலு வருஷமா அப்படித்தான் ஓட்டறேன். யாருக்கும் தெரியாது.

மெர்வ்: ...நான் கவனிச்சிருக்கேன்.

லூபே: அப்ப இன்னிக்கு என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்.

மெர்வ்: வேணாம்மா. விடு. டீ போடறேன்...

லூபே: உக்காருங்க! அந்த டாக்டர் பொண்ணு படபடன்னு பேசறா. மெர்வ் கூட பேசினபடியேன்னு என்னமோ சொன்னா. அப்பறம் மெதுவா, என் கையைப் புடிச்சிக்கிட்டு, 'தூங்க வெச்சிரலாமா'ன்னு கேட்டா. எனக்கு அந்த வார்த்தை தெரியும் மெர்வ்! சந்தோஷமா வேற இருந்துச்சு, அட, இது நமக்குத் தெரிஞ்ச வார்த்தையாச்சேன்னு. டெவிட்டாவுக்குத் தொண்டையில சதை வளந்து ஆபரேஷன் பண்ணினாங்கல்ல, பெரியாஸ்பத்திரில? அங்கயும் இதையேதான் சொன்னாங்க. தூங்க வெச்சாங்க. ஒரு மணி நேரத்துல முழிச்சு ஐஸ்கிரீம் கேட்டான். அதே வார்த்தை. ஒரு எழுத்து கூட மாறல. மனுஷன்னா முழிச்சுக்கறான், நாய்னா முழிக்காதுன்னு எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கு?

மெர்வ்: நீ என்ன சொன்ன?

லூபே: தலையாட்டினேன். சிரிச்சிட்டு வேற ஆட்டினேன். பேப்பர் நீட்டினா, படிக்கிற மாதிரி விரலை வெச்சு நகத்திட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவன் போயிட்டான் மெர்வ். உங்க புளூவை நான் கொன்னுட்டேன்.

மெர்வ்: லூபே, இதைக் கேளு...

லூபே: நாளைக்கு வருவான்னு சொன்னது பொய். வேன்ல தான் இருக்கான். பின் சீட்டுல. எங்க ஊர்ல போனவங்களைப் பாயிலதான் சுத்துவோம். சர்ச்சுக்குப் போறப்ப நான் இடுப்புல கட்டுவேன்ல, அந்தப் பாய் வண்டியில இருந்துச்சு. எங்கம்மா முடைஞ்சது. அதுல சுத்தியிருக்கேன்.

மெர்வ்: அந்தப் பாயிலயா...

லூபே: ரெண்டு மணி நேரமா தெருமுனையில வண்டியை நிறுத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல. நாய் ஓடிப் போச்சுன்னு சொல்லலாமான்னு கூட நெனச்சேன். தூ... எனக்கே அசிங்கமா இருக்கு.

மெர்வ்: நீ கூட இருந்தியா?

லூபே: என்ன?

மெர்வ்: அவனுக்கு ஊசி போடறப்ப... கூட இருந்தியா? இல்ல, வெளிய...

லூபே: இருந்தேன். மடியில தலையை வெச்சுக்கிட்டான். நான் அவன்கிட்ட பேசிக்கிட்டே இருந்தேன். 'டேய் செவப்பு நீலம், பயந்தாங்குளி, காது சுத்தம் பண்ணத்தான்டா, முழிச்சதும் உனக்கு சாசேஜ் வாங்கித் தரேன், மெர்வுக்குத் தெரியாம ரெண்டா தரேன்'னு. வாலை ஆட்டினான். சாசேஜ்னா அவனுக்குத் தெரியும்ல?

மெர்வ்: தெரியும்... நல்லாத் தெரியும்.

லூபே: அந்த நர்ஸ் பொண்ணு அழுதா மெர்வ். காது கழுவறதுக்குப் போயி இந்தப் பொண்ணு இப்படி அழறாளேன்னு நான் அவ தோளைத் தட்டிக் குடுத்தேன். 'அழாதம்மா, அரை மணியில எந்திரிச்சிடுவான்'னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே...

மெர்வ்: போதும் லூபே.

லூபே: போதாது. அப்பறம் ஓடிப் போயி சாசேஜ் வாங்கிட்டு வந்து வெளி பெஞ்சுல உக்காந்தேன். சூடு ஆறாம இருக்கணும்னு துண்டுல சுத்தி வெச்சிக்கிட்டு. ஒரு மணி நேரம். நர்ஸ் வந்து கழுத்துப் பட்டையை மட்டும் கையில குடுத்தா. அப்பவும் புரியல எனக்கு. பூனை வெச்சிக்கிட்டு ஒரு அம்மா, முயலோட ஒருத்தன், எல்லாரும் உக்காந்திருக்காங்க. அத்தனை பேர் முன்னாடி சத்தமா கேட்டேன், 'எத்தனை மணிக்கு முழிப்பான்'னு. யாரும் சிரிக்கல மெர்வ். தட்டுக்குச் சிரிச்சாங்கல்ல... இதுக்கு ஒருத்தர் சிரிக்கல. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. முயல்காரன் எந்திரிச்சு வந்து என்னை உக்கார வெச்சு, காதோரமா விளக்கிச் சொன்னான். சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி.

மெர்வ்: ஏய்... என்ன பண்ற? எந்திரி. எதுக்கு மண்ணுல உக்கார்ற?

லூபே: எங்க ஊர்ல பெரிய தப்பு பண்ணினவங்க அந்த வீட்டு வாசல்ல வந்து தலை குனிஞ்சு தரையில உக்காருவாங்க. வீட்டுக்காரங்க மன்னிச்சு எந்திரின்னு சொல்ற வரைக்கும்.

மெர்வ்: நான்தான் சொல்றேனே, எந்திரின்னு!

லூபே: அது கோவத்துல சொல்றது. மன்னிச்சு சொல்லணும்.

மெர்வ்: எறும்பு இருக்கு அங்க.

லூபே: கடிக்கட்டும்.

மெர்வ்: லூபே, ப்ளீஸ்... எனக்கு முன்னாடி நீ இப்படி உக்காரக் கூடாது. வேற யாரு முன்னாடி வேணா உக்காரு. எனக்கு முன்னாடி வேணாம்.

லூபே: பதிமூணு வருஷம் கூட இருந்தவன். உங்க பொண்டாட்டி போனப்பறம் உங்களுக்கு இருந்தது அவன் ஒருத்தன். அவனைத் தலையாட்டியே கொன்னுட்டேன். வேற எங்க போயி உக்காருவேன்?

மெர்வ்: நீ கொல்லல.

லூபே: சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. கழுவின தட்டை வெளிய எடுத்து வெச்சாக் கூட இனி திங்க ஆள் இல்ல. அந்தக் குழியில எலுமிச்சை வேணாம் மெர்வ், அவனை... ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க?

மெர்வ்: திருப்பல.

லூபே: மெர்வ்... கொப்புளம் நேத்து வந்ததுன்னீங்க.

மெர்வ்: ...ம்.

லூபே: அப்ப குழியும் நேத்து வெட்டினது. நேத்து புளூ இந்தப் படியிலதானே படுத்திருந்தான்? நான் பாத்தேனே. அவன் நீளத்துக்குத்தானே இருக்கு அது... மெர்வ், என்னைப் பாருங்க. யாருக்குன்னு வெட்டினீங்க?

மெர்வ்: அவனுக்குத்தான். நான் வெட்ட வெட்ட, பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். காதுல ஒண்ணுமில்ல லூபே, வயித்துல கட்டி. தூங்க வெச்சிருங்கன்னு டாக்டருக்குப் போன் பண்ணினதும் நான்தான். முழங்கால் வலியெல்லாம் பொய். ரெண்டு தடவை நானே ஏத்திட்டுப் போயி, உள்ள போகத் தைரியமில்லாம வாசல்லேருந்து திரும்பிட்டேன். வேற யாருகிட்ட குடுத்திருந்தாலும் என்ன ஏதுன்னு கேட்டிருப்பாங்க... நீன்னா எதையும் கேக்காம தலையாட்டிட்டுக் கூட்டிட்டுப் போவேன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட குடுத்தேன்.