தம்பி காருக்கு நான் தேர்ந்தெடுத்த பாகங்கள்

தினமும் வேலைக்கு ஓட்டிப்போகிற பழைய காருக்குப் பெரிய கேம் ஷாஃப்ட் போடக் கூடாது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். உங்களிடம் பழைய வண்டி ஏதாவது இருந்தால் நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. சின்னதாகப் போட்டால் வண்டி சிக்னலில் சமர்த்தாக நிற்கும். குளிர்காலத்திலும் சாவியைத் திருப்பியதும் எழுந்துகொள்ளும். பெரிதாகப் போட்டால் பந்தயத்தில் பறக்கும். சிக்னலில் மட்டும் காய்ச்சல்காரனைப் போல உதறும். என் தம்பி டென்னிக்கு அந்த உதறல்தான் வேண்டியிருந்தது.

டென்னி சாபோலை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பாதித் தலைகளுக்கு முடி வெட்டியவன். உங்கள் காதோரத்தைப் பார்த்தால் நீங்களும் அவனிடம் உட்கார்ந்தவர்தான் என்று தோன்றுகிறது. எழுபத்தொன்றாம் வருடத்துக் கரும்பச்சைக் கார் ஒன்று வைத்திருந்தான். எட்டு சிலிண்டர். மழையோ பனியோ, மேட்டுத் தெருவிலிருந்து கடைக்கு அதில்தான் போவான். நான் ரயில் இன்ஜின் பட்டறையில் இருந்தவன் என்பதால், என்ன பாகம் வாங்கலாம் என்று என்னைத்தான் கேட்பான். கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்வான்.

வண்டியில் மட்டும் இல்லை. ஆற்றோரம் வீடு வாங்காதே என்றேன். வாங்கினான். வெள்ளம் வந்து சமையலறையில் முழங்கால் தண்ணீர் நின்றது. "எங்கண்ணன் வீட்டுல நீச்சல் குளம் இருக்கா? எனக்கு இருக்கே" என்றான். ஊரே சிரித்தது. ஊரே வந்து சேறு வாரியது, தட்டுத் தட்டாகப் பியரோகிக் கொழுக்கட்டை கொண்டுவந்தது. நானும் வாரினேன். அண்ணன் எமில் அன்றைக்கே சொன்னாரே என்று என்னைப் பற்றி ஒரு வாய் சொல்லவில்லை. பிறகு என் தெருவுக்கே குடிவந்தான்.

இந்தக் குளிர்காலக் கடைசியில், இன்ஜினுக்குப் பலம் ஏற்ற வேண்டும் என்றான். அளவான கேம், அதற்கேற்ற கார்பரேட்டர், நல்ல ரேடியேட்டர் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் அவன் கடைக்குப் போனால், தபால்காரர் ஸ்டான் நாற்காலியில் இருக்கிறார், டென்னி கத்தரியும் கையுமாகப் பேசிக்கொண்டிருக்கிறான்.

"எங்கண்ணன் எனக்குப் பாட்டி கேம் எடுத்துக் குடுக்கிறாரு, ஸ்டான். ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே ஓட்டலாமாம்."

"பின்னுனா எனக்கும் ஒண்ணு குடுப்பா. நீலக் கலர்."

நானும் சிரித்தேன். நல்ல கேலிதான், மறுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவனிடம் போய், "யோசிச்சுப் பாத்தேன்டா. நீ சொல்றதுதான் சரி. பெருசாவே போட்டுடலாம்" என்றேன்.

அவன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "ஜுரம் இல்லியே. அண்ணே, சாகப்போறியா என்ன?"

"இல்லடா" என்றேன்.

என் குற்றம் அவ்வளவுதான். தம்பி சொன்னதற்குச் சரி என்றேன். அதற்குச் சிறையில் போடுவதென்றால் இந்த ஊரில் வெளியே ஆள் இருக்காது.

பிரேக்கில் நான் கை வைக்கவில்லை. உங்கள் போலீஸ் மெக்கானிக் பிரித்துப் பார்த்திருப்பார். ஒரு திருகுகூடத் தளர்ந்திருக்காது. அந்தக் காரில் பிரேக்குக்குத் துணை நிற்பது இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற பலம். பெரிய கேம் போட்ட இன்ஜின், சும்மா உறுமிக்கொண்டிருக்கும்போது சரியாக உறிஞ்சாது. முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்கும். அடுத்ததற்கு முனகும். அதற்கடுத்த மிதிக்குப் பெடல் கல்லாகிவிடும். இதற்கென்றே சின்னதாக ஒரு பம்ப் விற்கிறார்கள். எல்லாப் பாகங்களையும் தேர்ந்தெடுத்தவன் நான். அதை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை.

எங்கள் தெரு எவ்வளவு செங்குத்து என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முனையிலும் நின்று போகச் சொல்லும் பலகை, அடிவாரத்தில் பழைய உருக்காலையின் செங்கல் சுவர். டென்னி அதில் கிளட்ச்சை மிதித்து, இன்ஜினைச் சும்மா உறுமவிட்டபடி வழுக்கிக்கொண்டு இறங்குவான், பெட்ரோல் மிச்சம் என்று. அப்படி இறங்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தான்.

வேலை முடிந்தது, ஊரே இறைச்சியை விட்டு மீன் தின்கிற ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை. என் கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்துத் தெருவின் மேல்முனை வரை போய்த் திரும்பி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கியது.

"அண்ணே, பெடல் மட்டும் என்னமோ கட்டையாட்டம் இருக்கே?"

நான் ஏற்கெனவே மிதித்துப் பார்த்திருந்தேன். "புதுசுல அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும்" என்றேன்.

தெரிந்தேதான் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் நினைத்தது வண்டியில் ஒரு நசுங்கல், அவனுக்கு ஒரு பயம், அவ்வளவுதான்.

"ஏறுண்ணே, தீயணைப்புக் கூடத்துல மீன் வறுக்கிறாங்க. சூடா தின்னலாம்."

"நீ போ. நான் நடந்து வரேன்."

"பாட்டி நடந்து வர்றதுக்குள்ள மீன் மறுபடி ஆத்துக்கே போயிடும்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான். நசுங்கல்தான் என்றால் நான் ஏன் கூட ஏறவில்லை என்று கேட்டீர்கள். எனக்கு முழங்கால் வலி. அதனால்தான் அடிவாரத்துச் சுவரில் மோதிய சத்தம் கேட்ட பிறகும் ஓடவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் கண் திறந்தான். நான்தான் பக்கத்தில் இருந்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே... நீ சொன்னதுதான் சரி. சின்னதே போட்டிருக்கணும்" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து வராத வார்த்தை. எனக்குக் கேட்டது. இருந்தாலும், "என்னடா சொன்ன? சரியா விழல" என்றேன். மறுபடி சொன்னான். மூச்சு வாங்கியது. பேச வைக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டு, டாக்டரைக் கூப்பிட வெளியே ஓடினாள். கதவு மூடியதும் இன்னொரு தடவை கேட்டேன்.

பதில் சொல்லாமலே போய்விட்டான். வேண்டுமென்றேதான். என்னிடம் அவன் எப்போதும் அப்படித்தான் விளையாடுவான்.