பாதி முகம்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. வாயோரம் வழிந்தால் தப்பாக நினைக்காதீர்கள். முகவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் எனக்குச் சுரணை கிடையாது.

அதற்கு முன் முப்பது வருஷம் மேடையில் நாயகி வேடம். கஸ்தூரியம்மாள் நாடகம் என்றால் கம்பத்திலிருந்து ஆண்டிபட்டிவரை வேன் பிடித்து வருவார்கள். முகம் போன பிறகு அதே குழுவில் மேக்கப் போட்டேன். என் வேடம் மாரீஸ்வரிக்குப் போனது, வயது இருபத்திரண்டு. கண்ணாடியில் அவள் முகமும் என் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். நான் அவளுடையதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பங்குனியில், உத்தமபாளையத்தில், பபூனோடு பேசுகிற காட்சியில் அவள் வாயைக் கோணிக்கொண்டு என்னைப் போலப் பேசினாள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. படுதாவுக்குப் பின்னால் நானும் சிரித்ததாகச் சொன்னார்கள். என் முகத்தை வைத்து அதையெல்லாம் சொல்ல முடியாது.

மறுநாளே வீட்டுக்கு வந்து காலில் விழுந்தாள்.

“யக்கா, மத்தவுக சொன்னாகன்னு செஞ்சுட்டேன். மன்னிச்சிருங்கக்கா.”

“விடு ஆத்தா. நல்லாத்தான் செஞ்ச. உதடு மட்டும் இன்னுங் கொஞ்சம் தொங்கணும்.”

மன்னித்துவிட்டேன். கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். கோபக்காரி இரண்டு மாதம் பொறுத்திருக்க மாட்டாள்.

மயிலாடும்பாறைத் திருவிழாவன்று சாயங்காலம், வண்ணார் துணியில் குறிபோடும் சேங்கொட்டை எண்ணெயைக் களிம்பில் குழைத்து, அவள் முகத்தின் வலது பாதிக்கு மட்டும் பூசினேன். இடது பாதிக்கு நல்ல களிம்பு.

“யக்கா, எரியுது.”

“புதுச் சரக்கு, அப்படித்தான் இருக்கும். அசையாம இரு.”

அசையாமல் இருந்தாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மேக்கப் சாமான் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். அது தவறு. என் கைவேலையை ஏதோ ஒரு டப்பாவின் பேரில் எழுத விட முடியாது. அதனால்தான் நானாக வந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பாதி முகம் கட்டு. அழுதாள், ஒரு பக்கம்தான் அசைந்தது. “போகாதீக யக்கா” என்று என் கையை விடவேயில்லை. பாவம், இன்னும் அவளுக்கு விஷயம் தெரியாது.

கட்டுப் பிரித்ததும் அவளை என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள் அம்மா. அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வதென்று, என்னைவிடப் பிரியமாக அவளுக்கு வேறு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?