பூட்டிய அறையில் அண்ணன்

ராத்திரி பன்னிரண்டரை. ஆளரவமில்லாத சாலை. என் நண்பனின் தாய்மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறார்... பையில் ஊசியும் தூக்க மருந்தும். ஆஸ்பத்திரி கம்பவுண்டர். கன்னியர் மடத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறார்.

இன்று ஊர்க் கோயிலில் படம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அந்தப் புனிதர்தான் இந்தத் தங்கை. சிரிக்காதீர்கள். அப்போதே ஊரெல்லாம் அவள் பேச்சுதான். மாதா அவளுக்குக் காட்சி கொடுக்கிறாராம். ஆனால் காட்சி முடிந்த கையோடு, பூட்டிய அறைக்குள் யாரோ அவளை அடிப்பார்கள். விடிந்தால் உடம்பெல்லாம் கன்றிக் கிடக்கும். யார் என்று கேட்டால் வாயே திறக்க மாட்டாள்.

"பேயாவது பிசாசாவது! இங்க இருக்கற யாரோதான் பொறாமையில அடிக்கறாங்க" என்று மடத்துத் தலைவியிடம் எகிறினார் மாமா. "நான் அவகூட உள்ளயே இருக்கேன், வழக்கம்போல வெளிய பூட்டுங்க மதர். யார் திறந்துக்கிட்டு வர்றாங்கன்னு பாத்துடறேன்."

ஊசியைப் பார்த்ததும் தங்கை பதறினாள். "வேணாம்ணா. நான் தூங்கிட்டா அது மத்தவங்ககிட்ட போயிடும்."

"ஒரு ராத்திரியாவது நிம்மதியா தூங்கும்மா." போட்டுவிட்டார். பாவம், பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

மெழுகுவர்த்தி அணைந்தது. திரி கருகிய வாடை... கூடவே ரத்த வாடை. தொப்... தொப்... ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். பக்கத்து அறையில்! ஒரு பெண் அலறினாள். மளுக்கென்று எலும்பு முறிந்தது. அலறல் நின்றது. அடுத்த அறை... அதற்கும் அடுத்தது...

மாமா பாய்ந்து எழுந்தார். கதவை இடித்துப் பார்த்தார், அசையவில்லை. தங்கை விழித்தால்தான் அது நிற்கும். உலுக்கினார். தண்ணீரைக் கொட்டினார். கன்னத்தில் தட்டினார். ம்ஹூம்... ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது. இன்னும் ஓங்கி... பல் தெறித்தது. நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தார். கை நிற்கவில்லை.

பூட்டு திறந்தது. விளக்கோடு மடத்துத் தலைவி. அவருக்குப் பின்னால் எல்லாக் கன்னியரும் தூக்கக் கலக்கத்தோடு நிற்கிறார்கள். ஒருத்தி மேலும் ஒரு கீறல் இல்லை. யாரும் அலறவே இல்லையாம். மாமாவின் சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தார்களாம்.

மாமா தன் கையைப் பார்த்தார். முழங்கைவரை ரத்தம். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தங்கை மெல்லக் கண் திறந்தாள்.

"அழாதண்ணா... இத்தன நாளும் வந்தது உன் முகத்தோடதான். அதான் நான் யார்கிட்டயும் சொல்லல."